வலம் சுழித்த போளை

"ஆர் செய்ததெண்டு நீங்கள் கண்டுபிடிக்க வேண்டாம், பிள்ளை," என்றார் பாலேஸ்வரி. "வினோஜா செய்யேல்லை எண்டு மட்டும் காட்டினால் காணும்."

"அரைக் கேஸ்," என்றான் எமில்ராஜ், மூன்றாவது கதிரையிலிருந்து. "நான் இண்டைக்குத்தான் கேள்விப்படுறன்."

உதயகலா அவனைப் பார்க்காமலே கையைக் காட்டினாள். அந்தக் கைக்கு 'வாயை மூடு' என்று அர்த்தம். நீதிமன்றப் பதிவறையில் பன்னிரண்டு வருடம் வேலை பார்த்த கை அது. இப்போது திருநெல்வேலியில், பலாலி வீதியோரம், போட்டோக்கொப்பிக் கடையொன்றின் மேல்மாடியில் தனியார் விசாரணை அலுவலகம் நடத்துகிறது. எமில்ராஜ் அவளுடைய உதவியாளன், ஓட்டோச் சாரதி, கேட்காமலே கருத்துச் சொல்பவன். குருநகர்க்காரன். பரம்பரையே கடலில் தொழில் செய்ய, வள்ளத்தில் ஏறினாலே வாந்தி வருகிறதென்று கரையில் தங்கிவிட்டவன்.

பாலேஸ்வரி நீர்வேலியிலிருந்து வெயிலில் பஸ் ஏறி வந்திருந்தார். அறுபது வயதிருக்கும். கையில் ஒரு சீப்புக் கப்பல் வாழைப்பழம். மற்றக் கையில் முடிச்சுப் போட்ட லேஞ்சித் துணி. அதை அவிழ்த்து மேசையில் வைத்தார்.

ஒரு போளை. பிள்ளைகள் சுண்டி விளையாடும் கோலிக்குண்டுதான், ஆனால் சின்னத் தேசிக்காய் அளவு. தெளிந்த கண்ணாடிக்குள்ளே வெள்ளையும் சிவப்பும் நீலமுமாய் நூல்கள் கீழிருந்து மேலே முறுகி ஏறின.

"எங்கடை இவர் பழைய கண்ணாடிப் போளையள் சேர்க்கிறவர். முந்நூறுக்கு மேலை வைச்சிருக்கிறார். எல்லாம் மெசினுக்கு முந்தின காலத்துக் கைவேலை. அதிலை ஒண்டு, ஜேர்மனியிலை நூற்றிமுப்பது வருசத்துக்கு முன்னம் செய்தது. இவரின்ரை தம்பி அங்கையிருந்து அனுப்பினவர். தம்பியார் போன வருசம் தவறிப்போனார்."

"இதுவோ அது?"

"இல்லை. அது இருந்த இடத்திலை இது இருக்குது."

மற்றதை அவர் விட்டு விட்டுச் சொன்னார். வினோஜா சாவகச்சேரிப் பக்கத்துப் பிள்ளை. கம்பசில் கடைசி வருடம். அடுத்த மாதம் நடக்கவிருக்கும் போளைக் கண்காட்சிக்காக ஒவ்வொன்றையும் படம் எடுத்து விவரம் எழுதிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை அவளே பாலேஸ்வரியின் கணவர் நமசிவாயத்திடம் வந்து, "ஐயா, இது பழைய போளை இல்லை" என்று சொன்னாள். மூன்று மாதத்துக்கு முன் அவள் எடுத்த படத்தில் நூல்கள் இடப்பக்கம் சுழிந்தன. இதில் வலப்பக்கம்.

"அதுக்குப் பிறகு இவர் நித்திரை கொள்ளேல்லை. அலுமாரியைப் பூட்டித் திறக்கிற திறப்பு வைச்சிருந்த வெளியாள் உவள் மட்டும்தானே எண்டு சொல்லுறார். கடிதம் எழுதி வைச்சிருக்கிறார். இண்டைக்கு நாலு மணிக்குக் கம்பசுக்குக் கொண்டு போகப்போறார். குடுத்தால் பிள்ளையின்ரை படிப்பு முடிஞ்சுது."

எமில்ராஜ் போளையை எடுத்துத் தலைகீழாய்த் திருப்பினான். "பிறகென்ன, கள்ளன் தலைகீழா வைச்சிருப்பான். இடம் வலமாகியிருக்கும்."

"இப்ப எந்தப் பக்கம் சுழியுது?"

பார்த்தான். "வலப்பக்கம்தான்."

"திருகாணியைத் தலைகீழாப் பிடிச்சால் புரி மாறுமோ?"

எமில்ராஜ் போளையைக் கீழே வைத்தான்.

உதயகலா பூதக்கண்ணாடியால் அதன் அடியைப் பார்த்தாள். கையால் செய்யும்போது கண்ணாடிக் கோலிலிருந்து வெட்டிய தழும்பு இருந்தது. ஆனால் அது நேற்றுத்தான் தேய்த்ததுபோல் மினுங்கியது. எங்கும் ஒரு கீறல் இல்லை. "புதுசு. ஆனா மெசின் வேலை இல்லை. ஆரோ கையாலை செய்திருக்கினம்."

"அப்ப மயிலிட்டி கனிசியஸ் அண்ணைதான்," என்றான் எமில்ராஜ். "என்ரை மனிசியின்ரை ஞானத்தகப்பன். கண்ணாடியை உருக்கிப் போளை செய்து வெளிநாட்டுக்கு அனுப்புறார். கனடாவிலை ஆளைத் தெரியாதவை இல்லை. நீர்வேலியிலை ஒருத்தருக்கும் தெரியாது."

பாலேஸ்வரி எழுந்து சேலைத் தலைப்பைச் சரி செய்தார். "நான் வாறன், பிள்ளை. இவருக்குச் சமைக்கவேணும். நீங்கள் அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. பிள்ளை நல்லவள் எண்டு நாலு வார்த்தை எழுதித் தந்தாலும் காணும்."

அவர் படியிறங்கிப் போகும் சத்தத்தை உதயகலா கடைசிப் படிவரை கேட்டுக்கொண்டிருந்தாள்.

"எமில், ஓட்டோவை எடு."

*

மயிலிட்டித் துறைமுகத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் தகரக்கொட்டில். உள்ளே கனிசியஸ், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, நீலச் சுவாலையின் முன் குந்தியிருந்தார். ஒரு கையில் கண்ணாடிக் கோல். அதன் நுனியில் தேன்போல ஒரு சொட்டு உருகித் தொங்கியது. அதை அவர் நனைத்த மரக்குழிக்குள் வைத்து உருட்ட, 'சுர்' என்று ஆவி வந்தது.

"கதைக்காதை," என்றார், எமில்ராஜ் வாயைத் திறக்கு முன்பே. "இது இப்பதான் உருண்டை ஆகுது. நீ பகிடி விட்டால் முட்டை ஆகும்."

இரண்டு நிமிடம் எமில்ராஜ் பேசாமல் நின்றான். அது அவனுடைய சாதனை. கனிசியஸ் போளையைச் சூடான சாம்பல் நிறைந்த வாளிக்குள் புதைத்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

உதயகலா போளையை நீட்டினாள். அவர் அதை வெளிச்சத்தில் பிடித்தார். முகம் மலர்ந்தது.

"என்ரைதான். ரெண்டு கிழமை மினைக்கெட்டுச் செய்தனான். வெள்ளை நூல் பதினாறு, சிவப்பு நாலு, நீலம் நாலு. நடுவிலை ஊசிமுனையளவிலை ஒரு காத்துக்குமிழ். அதைக்கூட விடேல்லை."

"சுழியை மட்டும் பிழையாச் செய்து போட்டியள், அண்ணை."

கனிசியஸின் மலர்ச்சி போனது. "ஆர் சொன்னது? நான் வாழ்க்கையிலை கன பிழை விட்டிருக்கிறன். மனிசியைக் கேளுங்கோ, வரிசையாச் சொல்லுவா. ஆனா போளையிலை பிழை விடமாட்டன்." அவர் கைபேசியைத் துழாவி எடுத்தார். "இந்தா, அவையள் அனுப்பின படம். பாருங்கோ."

படத்தில் இரண்டு விரல்களுக்கு நடுவே அந்தப் பழைய போளை இருந்தது. நூல்கள் வலப்பக்கம் சுழிந்தன.

எமில்ராஜ் படத்தைப் பார்த்தான், போளையைப் பார்த்தான், மறுபடி படத்தைப் பார்த்தான். "அக்கா, அப்ப வினோஜாதான் பொய் சொல்லியிருக்கிறாள். பழைய போளையும் வலப்பக்கம்தான்."

"விரலுக்குப் பின்னாலை என்ன தெரியுது?"

"சுவர். ஒரு கலண்டர் மூலை. சேவல் படம் போட்ட கலண்டர்."

"கலண்டரிலை என்ன எழுதியிருக்கு?"

எமில்ராஜ் படத்தைப் பெரிதாக்கினான். கண்ணைச் சுருக்கினான். தலையைச் சாய்த்தான். "இது என்ன பாசை? தமிழ் மாதிரியும் கிடக்கு... அட! எழுத்தெல்லாம் கண்ணாடியிலை பார்த்த மாதிரித் திரும்பி நிக்குது!"

"படமே திரும்பி நிக்குது. கைபேசியின்ரை முன்பக்கக் கமராவாலை எடுத்தது. நாங்கள் முகம் பார்த்துப் படம் எடுக்கிறமே, அந்தக் கமரா. சில கைபேசியிலை அது கண்ணாடி மாதிரி இடத்தை வலமாக்கிப் போடும். கனிசியஸ் அண்ணை பிழை விடேல்லை. படத்திலை இருந்த பிழையைப் பிழையில்லாமல் செய்திருக்கிறார்."

கனிசியஸ் அந்த வசனத்தை ஒருமுறை மனதுக்குள் ஓட்டிப் பார்த்துத் திருப்தியோடு தலையாட்டினார்.

"ஆர் சொல்லிச் செய்தது, அண்ணை?"

"ஆளைக் காணேல்லை. கனடா நம்பரிலையிருந்து எழுதிச்சினம்."

"கனடாவோ," என்றான் எமில்ராஜ். "நல்லம். ஆருக்குத்தான் கனடாவிலை சொந்தமில்லை? சந்தேகம் இப்ப யாழ்ப்பாணத்திலை உள்ள முழுச்சனத்திலையும்தான்."

"செய்து முடிச்சு, பஸ்சிலை போட்டுவிட்டனான். திருநெல்வேலிச் சந்தையிலை ஒரு வாழைப்பழக் கடையிலை குடுக்கச் சொன்னவை."

எமில்ராஜ் விசில் அடித்தான். வினோஜா வாடகைக்கு இருக்கும் அறை சந்தையிலிருந்து இரண்டு ஒழுங்கை தள்ளி. அதைப் பாலேஸ்வரி காலையில் சொல்லியிருந்தார்.

"வேறை ஏதாவது கேட்டவையோ?"

"அதுதான் விசித்திரம். என்னட்டைப் போளை வாங்கிறவை ஆயிரம் கேள்வி கேப்பினம். என்ன கண்ணாடி, எத்தினை பாகை சூடு, அடியிலை கையெழுத்துப் போடுவீரோ எண்டு. உவை ஒண்டே ஒண்டுதான் கேட்டவை." கனிசியஸ் சிரித்தார். "'இது சுடுதண்ணி தாங்குமோ' எண்டு."

"நீங்கள் என்ன சொன்னியள்?"

"தாங்காது எண்டன். மொத்தமான கண்ணாடி, பாருங்கோ. வெளியிலை சூடு பட்டவுடனை உள்ளுக்கை குளிரா இருக்கும். இழுபறிப்பட்டு டக்கெண்டு பிளக்கும். அதுவும் நூறு வருசப் பழசெண்டால் கேக்கத் தேவையில்லை. அதுதானே நானும் சாம்பலுக்கை தாட்டு மெல்ல மெல்ல ஆறவிடுறன். ஏன் பிள்ளை, போளையை ஆராவது அவிச்சுத் தின்னுறவையே?"

உதயகலா சிரிக்கவில்லை. நேரத்தைப் பார்த்தாள். ஒன்றேமுக்கால்.

*

அச்சுவேலி தாண்டும்வரை எமில்ராஜ் வழக்கை நடத்திக்கொண்டே ஓட்டோவை ஓட்டினான்.

"வினோஜாவின்ரை அறை சந்தைக்குப் பக்கத்திலை. பார்சலும் சந்தைக்குத்தான் போயிருக்கு. திறப்பும் அவளிட்டை. எல்லாம் பிள்ளையின்ரை தலையிலைதான் விழுது, அக்கா."

"வினோஜாவிட்டை அந்தப் போளையின்ரை படம் எத்தினை இருக்கும்?"

"நூறு இருக்கும். படம் எடுக்கிறதுதானே அவளின்ரை வேலை."

"நூறும் நல்ல கமராவாலை எடுத்த சரியான படம். அதை விட்டிட்டு, திரும்பின படம் ஒண்டை ஏன் அனுப்பவேணும்? அனுப்பிப் போளையையும் மாத்திப்போட்டு, இது வேறை போளை எண்டு தானே ஏன் போய்ச் சொல்லவேணும்?"

எமில்ராஜ் ஒரு மாட்டுக்கு வழிவிட்டான். "அப்ப ஆர்?"

"ஆரோ ஒராள், தன்ரை கைபேசியிலை முன்பக்கக் கமரா மட்டும்தான் தெரிஞ்ச ஆள். வீடியோவிலை கதைக்கிறதுக்கு மட்டும் அதை எடுக்கிற ஆள். போளையை விக்கிறதுக்காக எடுக்கேல்லை. எடுத்திருந்தால் சுடுதண்ணியைப் பற்றிக் கேக்க மாட்டா."

"'மாட்டா' எண்டு சொல்லுறியள்," என்றான் எமில்ராஜ் மெதுவாக.

"வினோஜாவுக்குக் கோல் எடு. நாலு மணிக்கு முன்னம் நீர்வேலிக்கு வரச்சொல்லு."

*

நமசிவாயம் வீட்டு விறாந்தையில் இஸ்திரி போட்ட வெள்ளைச் சேட்டோடு தயாராக நின்றார். சேட்டுப் பையில் கடித உறை. மெலிந்த மனிதர். கண்ணுக்குக் கீழே இரண்டு இரவின் கறுப்பு. வினோஜா முற்றத்து வாழைகளுக்குப் பக்கத்தில், உள்ளே வர மறுத்து, சைக்கிளைப் பிடித்தபடி நின்றாள். அழுத முகந்தான், ஆனால் நாடி நிமிர்ந்திருந்தது.

"நீங்கள் வெளிக்கிட இன்னும் அரைமணித்தியாலம் இருக்குது, ஐயா," என்றாள் உதயகலா. "நான் அம்மாவிட்டை ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடிச்சிட்டு வாறன்."

குசினியில் கேத்தல் கொதித்துக்கொண்டிருந்தது. சுவரில் சேவல் படம் போட்ட கலண்டர் தொங்கியது. உதயகலா அதைப் பார்த்தாள். ஒரு கோப்பையை எடுத்துக் கொதிதண்ணியை ஊற்றினாள். லேஞ்சியிலிருந்து போளையை எடுத்தாள்.

"கை பட்டு ஊத்தையாப் போச்சு. ஒருக்கால் கழுவுவம்."

"ஐயோ வேண்டாம்!" பாலேஸ்வரி பாய்ந்து வந்து அவள் மணிக்கட்டைப் பிடித்தார். "பிளந்துபோம், பிள்ளை!"

சொன்ன பிறகுதான் தான் சொன்னது அவருக்கே கேட்டது. பிடி தளர்ந்தது. அப்படியே குசினி மர வாங்கில் இருந்துவிட்டார்.

உதயகலாவும் பக்கத்தில் இருந்தாள்.

"கண்காட்சி வருகுதெண்டு எல்லாத்தையும் வடிவாக் கழுவி வைப்பம் எண்டு நினைச்சன்," என்றார் பாலேஸ்வரி. "சட்டி பானை கழுவுற மாதிரி. முதல் போட்டது அதைத்தான். 'டிக்' எண்டொரு சத்தம். அவ்வளவுதான்."

"அண்டைக்கே சொல்லியிருக்கலாமே, அம்மா."

"அவர் அடிக்கிற மனிசன் இல்லை, ஏசுற மனிசனும் இல்லை. தம்பி செத்த செய்தி வந்தபிறகு ரெண்டு மாசம் ஒரு சொல்லுக் கதைக்கேல்லை, பிள்ளை. செத்தவீட்டுக்குப் போகவும் விசா கிடைக்கேல்லை. நான் சோறு போட்டால் சாப்பிடுவார். போடாட்டி கேக்கமாட்டார். பிறகு ஒருநாள் விடிய அந்தப் போளையை எடுத்து வெயிலுக்குப் பிடிச்சுப் பார்த்துப்போட்டு, 'இஞ்சேர், இதைப் பார்' எண்டார். அண்டைக்குத்தான் எனக்கு உயிர் வந்தது. அதை நான் உடைச்சுப்போட்டன் எண்டு எப்பிடிச் சொல்லுவன்? ரெண்டு பாதியையும் சேர்த்துப் பிடிச்சுப் படம் எடுத்து அனுப்ப, மகள் கனடாவிலை இருந்து ஆளைப் பிடிச்சுத் தந்தாள். இன்னொண்டு செய்விச்சு, நாங்கள் வாழைக்குலை குடுக்கிற சந்தைக் கடையிலை எடுத்து வைச்சால் போச்சுது எண்டு நினைச்சன். பிள்ளையின்ரை தலையிலை விழுமெண்டு நினைக்கேல்லை."

"அதாலை எங்களிட்டை வந்தியள். அவள் செய்யேல்லை எண்டு வேறை ஒருத்தருக்கும் தெரியாத அளவுக்கு உங்களுக்குத் தெரிஞ்சிருந்தது."

பாலேஸ்வரி கண்ணைத் துடைத்தார்.

"நான் வெளியிலை போய்ச் சொல்லலாம்," என்றாள் உதயகலா. "நீங்கள் சொன்னால் நல்லம்."

பாலேஸ்வரி எழும்பி, அரிசிப் பெட்டிக்குப் பின்னாலிருந்து ஒரு பால்மாத் தகரப்பேணியை எடுத்தார். தானே முன்னால் நடந்தார்.

விறாந்தையில் அவர் நான்கு வசனங்களில் சொல்லி முடித்தார். ஒன்றையும் மறைக்கவில்லை. கடைசியாக முற்றத்தைப் பார்த்து, "பிள்ளை, உன்னட்டை நான் என்ன சொல்லிக் கும்பிடுறதெண்டு தெரியேல்லை" என்றார்.

நமசிவாயம் பேணியைத் திறந்தார். உள்ளே பஞ்சில் இரண்டு பாதிகள். ஒரு பாதியை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். பாலேஸ்வரி அவர் முகத்தையே பார்த்தார்.

நமசிவாயம் சேட்டுப் பையிலிருந்து சின்னப் பூதக்கண்ணாடியை எடுத்தார். பிளந்த முகத்தை வெயிலுக்குத் திருப்பினார். கண்ணருகே கொண்டு போனார். நெடுநேரம் பார்த்தார்.

"இஞ்சேர்," என்றார். "இதைப் பார். உள்ளுக்கை பூ மாதிரி இருக்குது. வெள்ளை இதழ் பதினாறு. பத்து வருசமா நான் வெளியிலைதான் பார்த்துக்கொண்டிருந்தனான். தம்பிகூட இதைப் பார்த்திருக்கமாட்டான்."

பாலேஸ்வரி பார்த்தார். அவருக்குக் கண்ணீரில் ஒன்றும் தெரிந்திருக்காது. ஆனாலும் "ஓம்" என்றார்.

நமசிவாயம் பூதக்கண்ணாடியை வைத்துவிட்டு முற்றத்துக்கு இறங்கினார். "வினோஜா, நான் பெரிய பிழை விட்டிட்டன். உண்மையைச் சொன்ன பிள்ளையையே கள்ளி எண்டிட்டன்." உறையை எடுத்துக் கிழிக்கப் போனார்.

"கிழிக்காதேங்கோ, ஐயா," என்றாள் வினோஜா. இரண்டு நாளாய் யாரும் அவளைப் பேசவிடவில்லை. இப்போது ஒவ்வொரு சொல்லும் தெளிவாய் வந்தது. "நீங்கள் என்னைக் கள்ளி எண்டு சொன்னது எங்கடை அறைப் பிள்ளையளுக்கும் கேட்டிட்டுது. அந்தக் கடிதத்தின்ரை மறுபக்கத்திலை, நான் எடுக்கேல்லை எண்டு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாங்கோ. நான் அறையிலை கொண்டுபோய்க் காட்டவேணும். கண்காட்சிக்கு வாறதோ இல்லையோ எண்டு அதுக்குப் பிறகு யோசிக்கிறன்."

"இவள் எங்கடை ஒவ்வீசுக்கு வரலாம்," என்று எமில்ராஜ் உதயகலாவின் காதுக்குள் சொன்னான். "ஆனா மூண்டு கதிரைதான் இருக்குது."

நமசிவாயம் படியில் இருந்து, கடிதத்தை முழங்காலில் வைத்து, இரண்டு பந்தி எழுதினார். வினோஜா வாசித்தாள். ஓரிடத்தில் ஒரு சொல்லை மாற்றச் சொன்னாள். மாற்றினார். அவள் சைக்கிளை நிற்பாட்டிவிட்டு, பையிலிருந்து கமராவை எடுத்தாள். "அந்தப் பூவை வெயில் இறங்க முன்னம் எடுக்கவேணும். பிடியுங்கோ, ஐயா. கை நடுங்காமல்."

படம் எடுத்து முடிந்ததும் நமசிவாயம் புதுப் போளையைக் கேட்டு வாங்கினார். அதுவரை அவர் புதிய போளை எதையும் கையால் தொட்டதில்லை. திங்கட்கிழமைக்குப் பிறகு அதை அவர் பார்க்கவே மறுத்திருந்தார். இப்போது திருப்பித் திருப்பிப் பார்த்தார். குமிழைக் கண்டதும் அவர் புருவம் ஏறியது.

"இதை ஆர் செய்தது?"

எமில்ராஜ் நம்பரை அழுத்திக் கைபேசியைக் கொடுத்தான்.

அடுத்த இருபது நிமிடம் விறாந்தையில் ஒரு சண்டை நடந்தது. சாம்பலில் எவ்வளவு நேரம் புதைப்பது, பழைய ஜேர்மன்காரர் எந்தக் கையால் முறுக்கியிருப்பார்கள், நூல் பதினாறா பதினெட்டா என்பதெல்லாம் அலசப்பட்டன. மயிலிட்டிப் பக்கத்துக் குரல் கைபேசியைத் தாண்டி முற்றம்வரை கேட்டது. நமசிவாயத்தின் குரல் வீதிவரை கேட்டிருக்கும். பாலேஸ்வரி குசினி வாசலில், கோப்பைகள் வைத்த தட்டத்தோடு, தேத்தண்ணி ஆறுவதையும் மறந்து நின்றார்.

"சரி, சரி. நீர் செய்யிறதை என்ரை கண்ணாலை பார்த்தால்தான் நம்புவன்," என்றார் நமசிவாயம். "நாளைக்கு விடிய மயிலிட்டிக்கு வாறன்."

குசினி வாசலைத் திரும்பிப் பார்த்தார்.

"இல்லை," என்றார் கைபேசிக்குள். "ரெண்டு பேரும் வாறம்."